நேற்றைய தண்ணீர்... இன்றைய கொடி! - பாரிஸின் சென் நதியில் குளிக்கலாமா, கூடாதா என்பது எப்படி முடிவாகிறது?

2025 ஜூலை 5, சனிக்கிழமை. பாரிஸ் நகரின் நடுவே ஓடும் சென் நதியின் கரையில் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. தோளில் துண்டு, இடுப்பில் கயிற்றால் கட்டிய மஞ்சள் மிதவை. ஒவ்வொருவராக ஏணியில் இறங்கி ஆற்றுக்குள் குதிக்கிறார்கள். சிரிப்பு, கூச்சல், கைதட்டல்!

ஆற்றில் குளிப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது. 1923-ல் சென் நதியில் குளிக்கத் தடை விதித்தார்கள். 102 ஆண்டுகள் கழித்து அன்றுதான் பொதுமக்கள் மறுபடி ஆற்றில் இறங்கினார்கள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாள். ஆனால், மழை பெய்துவிட்டது. குளியல் நிறுத்தப்பட்டது.

'நூறு வருஷம் காத்திருந்து, ஒரே நாளில் மூடிவிட்டார்களே' என்று கேலி செய்யலாம். உண்மையில், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இந்தத் திட்டம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு முதல் சான்று. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், ஒரு பாட்டில் ஆற்று நீர் கரையிலிருந்து லேபுக்குப் போய், முடிவாகத் திரும்பிவரும் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொன்னார்... குளிக்கவில்லை!

சென் நதிக்கும் நீச்சலுக்கும் பழைய உறவு உண்டு. 1900-ம் ஆண்டு பாரிஸில் ஒலிம்பிக் நடந்தபோது, நீச்சல் போட்டிகளுக்கென்று தனிக் குளம் கட்டவில்லை. வீரர்கள் சென் நதியில்தான் நீந்தினார்கள். பிறகு படகுப் போக்குவரத்து பெருகியது, கழிவும் பெருகியது. 1923-ல் தடை வந்தது.

1990-ல் பாரிஸ் மேயராக இருந்த ஜாக் சிராக், 'இன்னும் மூன்று ஆண்டுகளில் நானே இந்த ஆற்றில் குளித்துக் காட்டுகிறேன்' என்று வாக்குக் கொடுத்தார். பிறகு அவர் நாட்டின் அதிபராகவே ஆகிவிட்டார். ஆனால், ஆற்றில் மட்டும் இறங்கவில்லை.

அந்த வாக்கை ஒரு வழியாக நிறைவேற்றியவர் இன்னொரு மேயர், ஆன் இதால்கோ. 2024 ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள்களே இருந்தபோது, ஜூலை 17 அன்று கேமராக்கள் சூழ அவர் ஆற்றில் நீந்தினார். இந்த இடைவெளியில் ஆற்றைச் சுத்தப்படுத்த ஆன செலவு சுமார் 140 கோடி யூரோ!

மழை பெய்தால் ஆறு ஏன் கெடுகிறது?

'மழை பெய்தால் ஆறு சுத்தமாகத்தானே ஆகும்?' என்று நமக்குத் தோன்றும். பழைய நகரங்களில் நடப்பது தலைகீழ்.

பாரிஸின் பாதாளச் சாக்கடை 19-ம் நூற்றாண்டில் வடிவமைக்கப்பட்டது. வீட்டுக் கழிவறைத் தண்ணீர், சமையலறைத் தண்ணீர், தெருவில் ஓடும் மழைத் தண்ணீர் எல்லாமே பெரும்பாலும் ஒரே குழாயில் போகும். வெயில் நாள்களில் பிரச்னை இல்லை. அத்தனையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். ஆனால், கனமழை கொட்டும்போது குழாய் கொள்ளாது. அப்படியே விட்டால் கழிவுநீர் தெருவிலும், வீடுகளின் நிலவறையிலும் பொங்கும். அதைத் தவிர்க்க, நிரம்பி வழிவதை ஆற்றில் திறந்துவிடும்படியே அந்த அமைப்பு கட்டப்பட்டிருக்கிறது. அதாவது, ஒவ்வொரு பெருமழைக்கும் சுத்தம் செய்யப்படாத கழிவு நேராக ஆற்றுக்கு வரும்.

இதைத் தடுக்கத்தான் ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகே, மண்ணுக்கு அடியில் ஒரு ராட்சதத் தொட்டி கட்டினார்கள். 50 மீட்டர் விட்டம், 30 மீட்டருக்கும் அதிகமான ஆழம். 50,000 கன மீட்டர் நீரைப் பிடித்துவைக்கும். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் 20-ஐ நிரப்பும் அளவு! மழை கொட்டும்போது வழியும் நீரை இந்தத் தொட்டி வாங்கிக்கொள்ளும். மழை ஓய்ந்ததும் அதைச் சிறிது சிறிதாகச் சுத்திகரிப்புக்கு அனுப்புவார்கள். 2024 மே மாதம் இது திறக்கப்பட்டது.

இதோடு, ஆற்றில் நிற்கும் படகு வீடுகளைச் சாக்கடை இணைப்புக்குள் கொண்டுவந்தார்கள். கழிவுநீர் இணைப்பைத் தவறுதலாக மழைநீர்க் குழாயில் கொடுத்திருந்த வீடுகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்தார்கள். ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களில் கிருமி நீக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

இத்தனை செய்தும் தொட்டிக்கும் ஓர் அளவு உண்டு. மழைக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. அதனால்தான் சுத்தம் செய்வதோடு வேலை முடிவதில்லை. தினமும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சாட்சிகள்

கழிவு கலந்த நீரில் எத்தனையோ கிருமிகள் இருக்கலாம். வயிற்றுப்போக்கைத் தரும் வைரஸ்கள், பாக்டீரியாக்கள், எலியின் சிறுநீர் வழியாக வரும் எலிக் காய்ச்சல் கிருமி என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் தினமும் தேடிப்பார்ப்பது நடக்கிற காரியமல்ல.

அதனால் உலகம் முழுக்க ஒரு சுருக்குவழி வைத்திருக்கிறார்கள். மனிதர்கள், விலங்குகளின் குடலில் எப்போதும் வாழும் இரண்டு வகை பாக்டீரியாக்களைத் தேடுவார்கள். ஒன்று, ஈ-கோலை. மற்றொன்று, என்டரோகாக்கஸ். ஈ-கோலையில் பெரும்பாலான வகைகள் நமக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால், அவை ஆற்று நீரில் இருந்தால் அங்கே மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் வந்த வழியில் மற்ற கிருமிகளும் வந்திருக்கலாம். ஆக, இவை இரண்டும் குற்றவாளிகள் அல்ல; குற்றம் நடந்ததைச் சொல்லும் சாட்சிகள்!

ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த குளியல் நீர் விதிமுறை இந்த இரண்டுக்கும் அளவு வைத்திருக்கிறது. ஆறு, ஏரி போன்ற நன்னீரில், 100 மில்லி நீருக்கு ஈ-கோலை 500, என்டரோகாக்கஸ் 200 என்ற அளவுக்குள் இருந்தால் 'மிகச் சிறப்பு'. முறையே 1,000, 400 என்ற அளவுக்குள் இருந்தால் 'நன்று'. இதற்குச் சராசரியைப் பார்ப்பதில்லை. தோராயமாகச் சொன்னால், 100 முறை சோதித்தால் 95 முறையாவது இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். 100 மில்லி என்பது ஒரு சின்ன காபி டம்ளர் அளவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டிலின் பயணம்

தண்ணீரை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கும் கறாரான விதி உண்டு. கரையோரம் குனிந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போய்விட முடியாது. முடிந்தவரை, குறைந்தது 1 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், நீர்மட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே பாட்டிலை அமிழ்த்தி நிரப்ப வேண்டும். மேல் பரப்பில் மிதக்கும் தூசும் வரக் கூடாது, அடியில் கிளம்பும் சேறும் வரக் கூடாது. பாட்டில் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். பாட்டிலின் உள்பக்கத்தில் எடுப்பவரின் விரல் பட்டுவிட்டால், அவர் கையில் இருக்கும் கிருமியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

எடுத்த பாட்டிலை வெயில் படாமல் குளிர்ப்பெட்டியில், சுமார் 4 டிகிரியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியில் விட்டால் பாக்டீரியா பெருகவும் செய்யும், சாகவும் செய்யும். இரண்டுமே பொய்க் கணக்கு. கூடுமானவரை அதே நாளில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும்.

லேபில் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். பல நாடுகளில் புழங்கும் ஒரு முறையில், 100 மில்லி நீரில் பாக்டீரியாவுக்கான உணவுப் பொடியைக் கலக்குவார்கள். அதை 97 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மூடி, உடல் சூட்டுக்கு நெருக்கமான 35 டிகிரியில் வைத்துவிடுவார்கள். தயிருக்கு உறை ஊற்றி வைப்பது போலத்தான்! ஈ-கோலை இருக்கும் குழியில், அது அந்தப் பொடியைச் சாப்பிட்டுச் செரிக்கும். மறுநாள் புறஊதா விளக்கைக் காட்டினால் அந்தக் குழிகள் மட்டும் நீல நிறத்தில் ஒளிரும். எத்தனை குழிகள் ஒளிர்கின்றன என்று எண்ணி, அட்டவணையைப் பார்த்தால் கிருமியின் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அந்த 'மறுநாள்'!

காலம் கடந்து வரும் கடிதம்

பாக்டீரியா வளர்வதற்கு நேரம் வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. சோதனை முறையைப் பொறுத்து முடிவு வர ஒரு நாள், சில முறைகளில் ஒன்றரை நாளுக்கும் மேல் ஆகும். ஆனால், ஆறு காத்திருப்பதில்லை. பாட்டிலில் பிடித்த தண்ணீர் என்றோ ஓடிப்போய்விட்டது.

திங்கட்கிழமை காலை தண்ணீர் எடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை 'நீர் நன்று' என்று முடிவு வருகிறது. ஆனால், திங்கள் இரவே கனமழை பெய்திருந்தால்? முடிவை நம்பி இறங்குபவர், நல்ல சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கெட்ட தண்ணீரில் குளிப்பார். இதற்கு மாறாகவும் நடக்கலாம். நீர் தெளிந்து ஒரு நாள் ஆன பிறகும் 'மோசம்' என்ற பழைய முடிவு வந்து, நல்ல நீரில் குளிக்க விடாமல் தடுக்கலாம்.

இந்தச் சிக்கலை உலகமே நேரலையில் பார்த்தது, 2024 ஒலிம்பிக்கில். ஜூலை 26, தொடக்க விழா அன்று அடைமழை. மறுநாளும் மழை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கு ஆற்றில் நடக்க வேண்டிய பயிற்சி, 28, 29 தேதிகளில் ரத்தானது. ஜூலை 30 காலை ஆண்கள் போட்டி. அன்று வெயில் அடித்தது. ஆனாலும், விடியும் முன்பே போட்டியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். நீரின் தரம் போதவில்லை என்பதுதான் காரணம். நான்கு ஆண்டுகள் உழைத்த வீரர்கள், ஒரு டம்ளர் தண்ணீரில் எத்தனை பாக்டீரியா என்ற கணக்குக்காகக் காத்திருந்தார்கள்.

31-ம் தேதி அதிகாலை 3.20 மணிக்கு வந்த முடிவு சாதகமாக இருந்தது. அன்று பெண்கள் போட்டியும் ஆண்கள் போட்டியும் அடுத்தடுத்து நடந்தன. பெண்கள் பிரிவில் சொந்த மண்ணின் காசண்ட்ர போக்ரான் தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் பிரிட்டனின் அலெக்ஸ் யீ.

மழையைப் படிக்கும் வித்தை

லேப் முடிவு தாமதமாகத்தான் வரும் என்றால், காலையில் கொடி ஏற்றுபவர் எதை நம்பி ஏற்றுவார்?

பாரிஸில் கோடைக்காலத்தில் மூன்று இடங்களில் குளிக்கலாம். செயின்ட் லூயி தீவுக்கு அருகே மாரி கால்வாய்ப் பகுதி, கிழக்கே பெர்சி, ஈஃபிள் கோபுரம் இருக்கும் பக்கம் கிரெனெல். மூன்றிலும் கட்டணம் கிடையாது. பச்சைக் கொடி பறந்தால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை தேவை. சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. கொடியின் நிறத்தை முடிவு செய்யப் பல தகவல்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முதலாவது, மழை. எவ்வளவு பெய்தது, எங்கே பெய்தது, சாக்கடை நிரம்பி ஆற்றில் திறந்துவிடப்பட்டதா? இரண்டாவது, ஆற்றின் வேகம். வெள்ளம் அதிகம் என்றால் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துப்போகும். தவிர, கலங்கிய நீரில் சூரிய ஒளி உள்ளே புகாது. வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர்தான் ஆற்றுக்கு இயற்கை தந்த கிருமிநாசினி. மூன்றாவது, தண்ணீரிலேயே வைத்துச் சில மணி நேரங்களில் ஈ-கோலை அளவைக் கணிக்கும் தானியங்கிக் கருவிகள். நான்காவதுதான், தினமும் எடுக்கும் சாம்பிளின் லேப் முடிவு.

ஆக, லேப் முடிவு என்பது தீர்ப்பு அல்ல. நேற்று போட்ட கணக்கு சரியா, தவறா என்று சரிபார்க்கும் விடைத்தாள். 'இவ்வளவு மழை பெய்தால் கிருமி இவ்வளவு ஏறும், இத்தனை மணி நேரத்தில் இறங்கும்' என்ற அனுபவத்தை அது ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டே போகிறது.

இந்த வித்தையில் பாரிஸுக்கு முன்னோடி, டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். அங்கே துறைமுக நீரையே சுத்தப்படுத்தி, 2002-ல் ஐலண்ட்ஸ் புரூக என்ற இடத்தில் பொதுக் குளியல் தளம் திறந்தார்கள். அப்போதே, மழை அளவையும் சாக்கடை வழிவதையும் நீரோட்டத்தையும் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, 'இன்று குளிக்கலாமா' என்பதை மக்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டையும் செய்துவிட்டார்கள்.

ரேங்க் கார்டு போதுமா?

ஐரோப்பிய விதிப்படி ஒரு குளியல் இடத்துக்கு ஒரு சீசனுக்குக் குறைந்தது 4 சாம்பிள்கள் போதும். பொதுவாக நான்கு சீசன் முடிவுகளைச் சேர்த்து, 'மிகச் சிறப்பு' முதல் 'மோசம்' வரை தரம் கொடுப்பார்கள். இது போன வருட ரேங்க் கார்டு மாதிரி. பையன் படிப்பாளியா என்று சொல்லும். இன்று அவனுக்குக் காய்ச்சலா என்று சொல்லாது.

கழிவு வழிந்து வரும் மாசு பெரும்பாலும் தற்காலிகமானது. அதே விதிமுறை, 'குறுகிய கால மாசு' என்பதை சுமார் 72 மணி நேரத்துக்கு மேல் நீடிக்காத ஒன்று என்று வரையறுக்கிறது. ஆண்டு முழுக்கப் பாதுகாப்பான இடத்திலும் அந்த மூன்று நாள்கள் ஆபத்தானவை. மூன்று நாள்கள் காத்திருந்தால், அதே இடம் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். எனவே, குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தேவை, சுவரில் மாட்டிய சான்றிதழ் அல்ல. அன்று காலை ஏற்றிய கொடி.

நம் ஊர் அளவுகோல் என்ன?

இந்தியாவிலும் குளிக்கும் நீருக்கு அளவுகோல் உண்டு. மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிக்கு 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது. அதிகபட்சமாக 2,500 வரை அனுமதி. அதோடு, நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளும் உள்ளன. இங்கே எண்ணும் பாக்டீரியாக் குடும்பம் ஐரோப்பாவில் எண்ணுவதைவிடச் சற்றே பெரியது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது.

சென்னைக்கு அருகே உள்ள கோவளம் கடற்கரையும், புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021-ல் 'நீலக் கொடி' என்ற சர்வதேசச் சான்றிதழைப் பெற்றன. குளிக்கும் நீரைத் தொடர்ந்து சோதிப்பதும், அந்த முடிவுகளைக் கடற்கரையிலேயே மக்கள் பார்க்கும்படி வைப்பதும் அதற்கான நிபந்தனைகளில் அடங்கும். அடுத்த முறை போனால், அந்தத் தகவல் பலகையையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முடிவில் உள்ள எண்ணைப் பார்ப்பதற்கு முன், அதன் தேதியைப் பாருங்கள்!

ஆற்றிலோ, குளத்திலோ இறங்கும் முன்...

* கனமழை பெய்தால், ஊருக்குள் ஓடும் ஆற்றில் குறைந்தது இரண்டு, மூன்று நாள்கள் இறங்க வேண்டாம்.

* தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீர் அல்ல. ஈ-கோலை கண்ணுக்குத் தெரியாது, நிறமும் இல்லை.

* கரையில் குழாய் வாய் ஏதாவது ஆற்றில் திறக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு அருகிலும், நீரோட்டத்தில் அதற்குக் கீழேயும் குளிக்காதீர்கள்.

* பச்சைப் பாசி பெயின்ட் கொட்டியது போல மிதந்தால், குழந்தைகளையும் நாய்களையும் நீரிலிருந்து தள்ளியே வையுங்கள்.

* காலில், கையில் ஆறாத புண் இருந்தால் குளியலைத் தள்ளிப்போடுங்கள். எலிக் காய்ச்சல் கிருமி உடலுக்குள் புகும் வழிகளில் புண்ணும் ஒன்று.

* தண்ணீரை விழுங்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் அதிகம் விழுங்குவது சிறு குழந்தைகள்தான். கரையேறியதும் நல்ல நீரில் உடம்பைக் கழுவி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிடக் கொடுங்கள்.

* சில நாள்கள் கழித்துக் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ வந்தால் 'ஆற்றில் குளித்தோம்' என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சிவப்புக் கொடி சொல்லும் செய்தி

மறுபடி அந்த 2025 ஜூலை ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் முந்தைய நாள்தான் வந்து படம்பிடித்துப் போயிருந்தன. 140 கோடி யூரோ செலவு, நூறாண்டுக் காத்திருப்பு. இத்தனைக்கும் பிறகு மறுநாளே 'இன்று குளிக்க வேண்டாம்' என்று சொல்வது எந்த நிர்வாகத்துக்கும் சங்கடமான விஷயம்தான். கொடியைப் பச்சையாகவே விட்டிருந்தால் அன்று ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். லேப் முடிவு வரத்தான் இன்னும் ஒரு நாள் இருக்கிறதே!

அப்படிச் செய்யாமல், மழையைப் பார்த்ததுமே மூடினார்கள். மழை நின்று, ஆறு தெளிந்து, எண்கள் இறங்கிய பிறகு திறந்தார்கள்.

கொடி என்றைக்கும் பச்சையாகவே பறக்கும் ஆற்றங்கரையில், யாரும் தண்ணீரைப் பார்த்துக் கொடி ஏற்றவில்லை என்றே அர்த்தம். சில நாள் சிவப்பும் ஏறும் கரையில் பச்சைக் கொடி பறந்தால், பிள்ளைகளைத் தைரியமாகத் தண்ணீரில் இறக்கிவிடலாம்!